பாடம் சொல்லிக் கழித்த கடன்

நான் ஓய்வு பெற்று நான்கு மாதம்கூட ஆகவில்லை. பழைய அலுவலகத்திலிருந்து மும்தாஜ் போன் செய்தாள். ஏர்வாடிப் பெண், எனக்குப் பிறகு வேலைக்கு வந்த உதவியாளர்.

"மேடம், ஆபீஸ் வாசல்ல கூட்டம் தாங்கல. பேங்க்ல படிப்புக்கு லோன் வாங்குன ஏழைப் பிள்ளைகளுக்கு வட்டியை அரசாங்கமே கட்டும்னு பேப்பர்ல வந்துச்சுல்ல? வருமானச் சான்று இப்பவே வாங்கி வெச்சுக்கிடணும்னு அப்பா அம்மா எல்லாம் வந்து நிக்கிறாக. பேங்க் நோட்டீஸைக் காட்டி அழுகுறாக. நீங்க அந்தக் காலத்துலயே படிப்புக் கடன் வசூல் சீட்டுல இருந்தீகளாமே, எப்படிச் சமாளிச்சீக? எங்களுக்கு எழுதித் தாங்க மேடம்."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

படிப்புக் கடன் என்றால் வங்கி என்றுதான் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியும். அதற்கு வெகுகாலம் முன்பே அரசு நேரடியாகக் கடன் கொடுத்தது. பெயர் என்னவோ உதவித்தொகைதான். ஆனால் படித்து முடித்து வேலைக்குப் போனபின் தவணை தவணையாகத் திருப்பிக் கட்ட வேண்டும். ஜாமீனாக ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கட்டாதவர்களின் பட்டியல் சென்னையிலிருந்து தாலுகா அலுவலகத்துக்கு வரும். நிலவரி பாக்கியை எந்தச் சட்டப்படி வசூல் செய்வோமோ, அதே சட்டப்படி இதையும் வசூல் செய்ய வேண்டும். முதலில் நோட்டீஸ், அதற்கும் அசையவில்லை என்றால் ஜப்தி.

நான் முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். பரமக்குடியில் தட்டச்சு பழகி, தேர்வு எழுதி, 1974-ல் வருவாய்த் துறையில் தட்டச்சராகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மற்றவர்கள் எழுதியதை அடித்தேன். அடிக்கும்போதே படித்தேன். எந்தக் கடிதம் எதற்குப் பதில், எந்தக் கோப்பு ஏன் நிற்கிறது என்பதெல்லாம் விரல் வழியாகவே தலைக்குள் ஏறிவிட்டது. உதவியாளராகப் பதவி உயர்வு வந்ததும் கடற்கரைப் பக்கத்துத் தாலுகா ஒன்றுக்கு மாற்றினார்கள்.

அங்கே யாரும் விரும்பாத இருக்கை ஒன்று இருந்தது. பழைய படிப்புக் கடன் வசூல். தலைமை எழுத்தர் என்னைப் பார்த்ததும், "இந்தாம்மா பஞ்சவர்ணம், அலைச்சல் இல்லாத சீட்டு. நோட்டீஸ் அடிக்கணும், அனுப்பணும், அவ்வளவுதான்" என்றார்.

முதல் மாதம் அப்படித்தான் செய்தேன். இரண்டாம் மாதம் வருவாய் ஆய்வாளர் ஒரு கிராமத்துக்குப் போகும்போது என்னையும் அழைத்துப் போனார். வீட்டில் பெண்கள் மட்டும்தான் இருக்கிறார்கள், நீங்கள் வந்தால் பேசச் சௌகரியம் என்றார். கடன் வாங்கியவன் இன்ஜினியரிங் படித்தவன். வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த அவன் அம்மாவிடம், மகன் எங்கே என்று கேட்டோம். அவர் எழுந்து உள்ளே போனார். நாங்களும் வாசற்படி வரை போனோம். சுவரில் மாலை போட்ட படம் ஒன்று இருந்தது.

"இந்தா இருக்கான். கேளுங்க" என்றார் அந்த அம்மா. "வருசா வருசம் காயிதம் அனுப்புறீகல்ல, அவன்கிட்டயே கேட்டுக்கங்க."

கிணற்றில் தவறி விழுந்து இறந்து மூன்று வருடமாகியிருந்தது. அந்த மூன்று வருடமும் நோட்டீஸ் போய்க்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொன்றின் அலுவலக நகலிலும் 'சார்வு செய்யப்பட்டது' என்று ஒருவர் எழுதியிருந்தார். கையில் கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். யார் கையில் என்று யாரும் கேட்கவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் பதிவறையில் தேடி, அந்தக் கடன் பற்றிய முழு அரசாணையையும் எடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் முழுத் தள்ளுபடி என்று அதில் தெளிவாக இருந்தது. இறப்புச் சான்று வாங்கி, அறிக்கை எழுதி அனுப்பினேன். தள்ளுபடி உத்தரவு வந்தபோது நானே கொண்டுபோய் அந்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எனக்கு அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த அரசாணையின் நகல் என் மேஜையிலேயே இருந்தது.

அந்த நாட்களில் எங்களுக்குத் தாசில்தாராக வந்தவர் சங்கரலிங்கம். கடுகடுப்பானவர் என்று பெயர். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அவருக்குப் பேச்சுதான் குறைவு. கடைநிலை ஊழியர் முதல் எல்லாரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். எந்தக் கோப்பைக் கொண்டுபோனாலும் ஒரே கேள்வி: "எந்தப் பக்கத்துல இருக்கு?" பக்க எண் சொல்லாமல் எதையும் அவரிடம் வாதாட முடியாது. சொல்லிவிட்டால், அந்தப் பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து, முணுமுணுவென்று வாய்விட்டுப் படிப்பார். படித்து முடிக்கும்வரை எதிரே நிற்பவர் மூச்சுவிடக்கூட யோசிப்பார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. ஜப்தி உத்தரவில் கையெழுத்துப் போடும்போது நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். நின்றபடி குனிந்துதான் போடுவார். ஒருமுறை தலைமை எழுத்தர் காரணம் கேட்டிருக்கிறார். "அடுத்தவன் வீட்டுப் பொருளை எடுக்கச் சொல்லுறோம். சௌகரியமா உக்காந்துக்கிட்டா சொல்லுறது?" என்றாராம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம். பட்டியலில் கே. நாகரத்தினம் என்றொரு பெயர் இருந்தது. கல்லூரிப் படிப்பும் பி.எட்.டும் கடனில் முடித்தவர். ஒரு தவணைகூடக் கட்டவில்லை. முகவரி, திருப்பாலைக்குடியிலிருந்து மேற்கே உள்ளடங்கிய ஒரு கிராமம். அப்பா கருப்பையா, நிலமில்லாத விவசாயக் கூலி. அதனால் ஜாமீன் போட்டிருந்தவர், அவர் வேலை பார்த்த வயலின் சொந்தக்காரர் சேதுராமு. கடனுக்கு ஈடாக ஜப்தி செய்ய வேண்டியது சேதுராமுவின் நெல்லை. களத்தில் சூடடித்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் தண்டோராவும் போட்டாகிவிட்டது.

தண்டோரா போட்ட மறுநாள் இருவருமே அலுவலகத்துக்கு வந்தார்கள். சேதுராமு முன்னால் வந்தார், கருப்பையா நாலடி பின்னால். கூடவே சேதுராமுவின் மூத்த மகன்.

மகன்தான் பேசினான். "எங்கய்யாவுக்கு அறிவு இருந்தா இவுக வீட்டுப் பிள்ளைக்குப் போயிக் கையெழுத்துப் போடுவாரா? ஊருக்கு நடுவுல தமுக்கடிச்சு மானம் போச்சு. நெல்லு அளக்க ஆள் வந்து நிக்கிது. இனிமே இந்த ஆளு குடும்பத்துக்கு எங்க வயல்ல வேலை கிடையாது. சொல்லிப்புட்டேன்."

"நீ சும்மா இர்றா" என்றார் சேதுராமு. அவருக்கும் அவமானம்தான்.

தலைமை எழுத்தர் கருப்பையாவைப் பார்த்து, "ஏன்யா, இத்தனை நோட்டீஸ் வந்துச்சே, பொண்ணுகிட்டச் சொல்ல மாட்டியா?" என்றார்.

கருப்பையா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னார்: "தபால்காரரு படிச்சுக் காமிச்சாருங்க. ஆனா எம் மக முன்னமே சொல்லிருச்சு. அய்யா, நான் பாடம் சொல்லிக் குடுக்கக் குடுக்க அந்தக் கடன் தன்னால கழிஞ்சு போகும், நீ கவலைப்படாதன்னு. அதான் காயிதத்தைப் பத்திரமா வெச்சுக்கிட்டுப் பேசாம இருந்தேன்."

அலுவலகமே சிரித்தது. "பாடம் சொன்னா கடன் கழியுமாம்ல! அப்ப நாளைக்கு நானும் வாத்தியார் வேலைக்குப் போறேன்" என்றார் ஒருவர். சேதுராமுவின் மகன்கூடச் சிரித்தான். கருப்பையாவும் தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று நினைத்து, கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். அந்த முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

நான் சிரிக்கவில்லை. அந்த அரசாணையைப் படித்தவள் நான் ஒருத்திதான். எடுத்துக்கொண்டு நேரே தாசில்தார் அறைக்குப் போனேன்.

"எந்தப் பக்கத்துல இருக்கு?"

"ஏழாம் பக்கம் சார். கடைசிப் பத்தி."

விரலை வைத்துப் படித்தார். கடன் பெற்றவர் ஆசிரியராகப் பணியில் சேர்ந்தால், பணி செய்யும் ஒவ்வொரு வருடத்துக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. பள்ளி அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். வருடா வருடம் பணிச் சான்றிதழ் அனுப்ப வேண்டும்.

இரண்டாம் முறையும் படித்துவிட்டு, பட்டியலோடு வந்த கடிதத்தைக் காட்டினார். "விதி இருக்கும்மா. ஆனா கே. நாகரத்தினம்கிறவங்ககிட்டருந்து ஒரு சான்றிதழ்கூட வரலைன்னு சென்னையில இருந்து எழுதியிருக்காங்களே."

"விசாரிச்சுப் பார்த்துடுறேன் சார்."

"ஜப்தியை ரத்து பண்ண எனக்கு அதிகாரம் இல்ல. தேதியைத் தள்ளிவைக்க அதிகாரம் இருக்கு. எட்டு நாள். எட்டு நாளும் நெல்லு களத்துலதான் கிடக்கும். மழை வந்தா பொறுப்பு நம்மளுது. புரியுதா?"

புரிந்தது. தை மாதம் என்றாலும் எங்கள் கடற்கரையில் எந்த நேரமும் மேகம் திரளும்.

மகள் பாம்பனில் வேலை பார்ப்பதாகக் கருப்பையா சொன்னார். அப்போது சாலைப் பாலம் இன்னும் திறக்கவில்லை, ரயிலில்தான் போக வேண்டும். மறுநாள் போனேன். மீன் காயும் மணலைத் தாண்டி ஓட்டுக் கட்டடத்தில் பள்ளிக்கூடம். நாகரத்தினம் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். முப்பது வயது தாண்டிய, ஒல்லியான பெண். நான் யாரென்று சொன்னதும் சாக்பீஸைக் கீழே வைத்தார். ஜப்தி என்றதும் வகுப்பை விட்டு வெளியே வந்தார்.

"சேதுராமு ஐயா நெல்லையா? என்னாலயா? நான் வருசம் தவறாம அனுப்பியிருக்கேன்க்கா! ஒண்ணு விடாம ரிஜிஸ்தர் தபால்ல!"

வீட்டுக்கு அழைத்துப் போனார். தகரப் பெட்டியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். எட்டு வருடம், எட்டுப் பணிச் சான்றிதழ் நகல்கள், எட்டு ஒப்புகை அட்டைகள். ஒவ்வொன்றிலும் சென்னை அலுவலக முத்திரை இருந்தது. பிறகு ஏன் வரவில்லை என்கிறார்கள்? ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். நாலாவது அட்டையில் என் கண் நின்றது.

அனுப்புநர்: எம். நாகரத்தினம். எட்டிலும் அப்படித்தான் இருந்தது.

"உங்க வீட்டுக்காரர் பேரு?"

"மாரியப்பன்க்கா. வேலையில சேர்றதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிருச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. வேலையில் சேர்ந்தபோது நான் வி. பஞ்சவர்ணம். கல்யாணத்துக்குப் பிறகு ஆர். பஞ்சவர்ணம். சம்பளப் பட்டியலில் அந்த ஓர் எழுத்தை மாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆண்களுக்கு ஆயுசுக்கும் ஒரே தலைப்பெழுத்து. சென்னையில் அந்தக் கோப்பைப் பார்த்த யாருக்கும் இப்படி ஒன்று இருக்கும் என்றே தோன்றியிருக்காது. கடன் வாங்கியவர் கே. நாகரத்தினம், சான்றிதழ் அனுப்புகிறவர் வேறு யாரோ எம். நாகரத்தினம். அவ்வளவுதான் அவர்களுக்கு.

திரும்பி வந்து அட்டைகளையும் நாகரத்தினத்தின் திருமணப் பத்திரிகையையும் பள்ளிச் சான்றிதழையும் தாசில்தார் மேஜையில் பரப்பினேன். அவர் கருப்பையாவையும் கிராம நிர்வாக அலுவலரையும் வரவழைத்து வாக்குமூலம் வாங்கினார். பிறகு 'இருவரும் ஒருவரே' என்று சான்று தயார் செய்யச் சொன்னார். நாற்காலியில் நன்றாக உட்கார்ந்து, பேனாவைத் துடைத்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"தபால்ல அனுப்பினா எட்டு நாள் போதாது. நீங்களே கொண்டுபோறீங்களா?"

மூன்று வயது மகனை மாமியாரிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டேன். என் வாழ்க்கையில் தனியாகச் சென்னைக்குப் போனது அதுதான் முதல் தடவை. எங்களுக்குப் பட்டியல் அனுப்பும் அந்த அலுவலகத்தில் மூன்று மாடி ஏறி இறங்கி, கடைசியில் கடன் பிரிவில் ஒரு வயதான எழுத்தரைப் பிடித்தேன். நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து நாடா கட்டிய ஒரு பெரிய காகிதக் கட்டை இழுத்துப் போட்டார். மேலே 'கடன் பெற்றவர் விவரம் அறிய இயலாதவை' என்று எழுதியிருந்தது.

"இதுல இருந்தா பாரும்மா. பேர் பொருந்தாததை எல்லாம் இதுலதான் போட்டு வெப்போம்."

நாகரத்தினத்தின் எட்டுச் சான்றிதழும் அதில் இருந்தன. அவருடையது மட்டுமல்ல. கட்டைப் புரட்டப் புரட்ட எல்லாம் பெண்கள் பெயர்கள். கன்னியாகுமரிப் பக்கத்து டீச்சர், தஞ்சாவூர் டீச்சர், சேலம் டீச்சர். எல்லாரும் ஒழுங்காக அனுப்பியிருக்கிறார்கள். எல்லார் வீட்டுக்கும் நோட்டீஸ் போய்க்கொண்டிருக்கிறது. யார் யார் அப்பா எந்த அலுவலகத்தில் நின்று என்ன சொன்னாரோ, எத்தனை பேர் சிரித்தார்களோ.

"ஐயா, இது எல்லாமே கல்யாணம் ஆன பொம்பளைக" என்றேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இருபது வருசமா இந்தக் கட்டைக் கட்டி வெச்சவன் நான்தாம்மா" என்று மட்டும் சொன்னார். பிறகு எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

அன்று முழுக்க அவர் கடன் பதிவேட்டைப் படிக்க, நான் அந்தக் கட்டுக்குள் தேடினேன். ஊர், படித்த கல்லூரி, பிறந்த தேதி இவற்றை வைத்துப் பொருத்தினோம். சாயங்காலத்துக்குள் பாதிக் கட்டு உரியவர்களின் கோப்புக்குப் போய்விட்டது. மீதியைத் தாமே முடிப்பதாகச் சொன்னார். முடித்தார் என்று பிறகு கடிதம் எழுதினார். நாகரத்தினத்தின் ஜப்தியை நிறுத்தச் சொல்லும் உத்தரவை அன்றே கையெழுத்து வாங்கி என் கையில் கொடுத்தார்.

ஏழாவது நாள் காலையில் ஊருக்கு வந்து சேர்ந்தேன். தாசில்தார் உத்தரவைப் படித்தார். "எந்தப் பக்கம்" என்று கேட்கவில்லை, ஒரே பக்கம்தான். தலைமை எழுத்தரைக் கூப்பிட்டு, "தண்டோரா போட்ட அதே ஆளை அனுப்புங்க. ஜப்தி இல்லைன்னு அதே தெருவுல தமுக்கடிச்சுச் சொல்லணும்" என்றார். எந்த விதியிலும் இல்லாத ஒன்றை அவர் செய்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

நான் ஆய்வாளரோடு களத்துக்குப் போனேன். தமுக்குச் சத்தம் தெருவில் வந்துகொண்டிருக்கும்போதே கருப்பையா நெல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இத்தனை நாளாக வேலை இல்லாவிட்டாலும், மழை வந்தால் மூட ஆள் வேண்டுமே என்று தினமும் வந்து களத்தைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். சேதுராமு அவரைப் பார்த்து, "ஏலே கருப்பையா, என்ன நின்னுக்கிட்டு இருக்க? மரக்காலை எடு. அளப்போம்" என்றார். மூத்த மகன் சாக்கைப் பிடித்தான். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

முழுக் கடனும் தீர்ந்துவிடவில்லை. நாகரத்தினம் சேர்ந்த முதல் இரண்டு வருடங்களில் பள்ளிக்கு அங்கீகாரம் கிடைத்திருக்கவில்லை. அந்த வருடங்களைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். எனக்கு வருத்தம். மேல்முறையீடு செய்யலாம் என்று எழுதினேன். "வேண்டாம்க்கா. இன்னும் கொஞ்ச வருசம் பாடம் சொன்னா அதுவும் கழிஞ்சுரும்" என்று பதில் போட்டார். அப்படியே கழித்தார்.

எங்கள் தாலுகாவின் கடன் பதிவேட்டில் அந்த மாதமே ஒரு பத்தியைக் கூடுதலாகக் கோடு போட்டுச் சேர்த்தேன்: 'திருமணத்துக்கு முந்தைய தலைப்பெழுத்து'. தாசில்தார் அதைப் பற்றி மேலே எழுதினார். சில மாதங்களில் மாவட்டத்தில் எல்லாத் தாலுகாவும் அதைப் பின்பற்ற உத்தரவு வந்தது. உத்தரவில் என் பெயர் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்த பெண்ணிடம் நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பெருமைதான், ஒளிப்பானேன்?

மும்தாஜ், உனக்கு நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்றுதான். இப்போது கடன் கொடுப்பது வங்கி, வட்டியை ஏற்கப்போவது அரசு, கணக்கு இருப்பது கம்ப்யூட்டரில். ஆனால் வாசலில் நிற்பவர் சொல்வது உனக்குச் சிரிப்பை வரவழைத்தால், சிரிக்கும் முன் விதியை எடுத்துப் படி.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்த ஜப்தி நின்ற அடுத்த வருடம், ஆனி மாதம் என்று நினைவு. சேதுராமு மறுபடியும் அலுவலகத்துக்கு வந்தார். சொத்து மதிப்புச் சான்று வேண்டும் என்றார். எதற்கு என்று தாசில்தார் கேட்டார். கருப்பையா தெருவில் இன்னொரு கூலிக்காரரின் மகள் நர்சிங் படிக்கப் போகிறாளாம், அதற்கு ஜாமீன் போட வேண்டுமாம்.

சங்கரலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு தடவை ஜாமீன் போட்டு இவ்வளவு பட்டீங்களே. ஊருக்கு நடுவுல தமுக்கடிச்சாங்க. திரும்பவுமா?"

"நான் பட்டது உங்க காயிதத்தாலதானுங்களே" என்றார் சேதுராமு. "அந்தப் பிள்ளையாலயா பட்டேன்?"

தாசில்தார் பேனாவை மறுபடி எடுத்தார். என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இந்தச் சான்றுக்கு டைப்பிஸ்ட்டைத் தேட வேணாம். நீங்களே டைப் பண்ணிக் கொண்டாங்க."

நான் அப்போது தட்டச்சர் இல்லை, உதவியாளர். இருந்தாலும் போய் உட்கார்ந்து, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொண்டுவந்தேன்.